முகம் உள்ள படம்

ஒரு படத்தைக் கடையில் விற்க வேண்டுமானால் முதலில் அதைச் சாயல்மானி என்ற கருவி பார்க்க வேண்டும். அது பச்சை காட்டினால்தான் ஓவியரின் பெயரில் விற்கலாம். சித்தாள் வேலைக்குப் போகும் என் அம்மா சிரிப்பதை வரைந்து எடுத்துப்போனேன். சிவப்பு எரிந்தது. கருவி சொன்னது: "பூங்கோதையின் சாயல் இல்லை. போலி."

"நான்தான் சார் பூங்கோதை."

கடை மேலாளருக்குச் சங்கடமே இல்லை. "தெரியும்மா. ஆனா உன் ஸ்டைல்ல மூஞ்சி கிடையாதே? செங்கல் சுமக்குற கை மட்டும்தானே? ஊர்ல அத்தனை பேரும் உன்ன மாதிரியே வரையறாங்க, எல்லாத்துக்கும் பச்சை விழுது. நீயும் மூஞ்சிய அழிச்சுட்டு வா."

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே நான் வரைந்த முகமில்லாத பெண்களைப் பார்த்து, விமர்சகர்கள் 'அடையாளம் மறுக்கப்பட்டவர்களின் குரல்' என்று கட்டுரை எழுதித் தள்ளினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது முகம் வரைய வராது, அவ்வளவுதான். இந்த ஒரு முகம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"எம் மூஞ்சியவா அழிக்கச் சொன்னான்?"

"ஆமா. அழிக்கலன்னா எம் பேர்ல இத விக்க முடியாது."

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்குடி."

"உனக்கு அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஆணி அடித்தேன்.