வாலில் ஒட்டிய விளக்கு

செல்லின் உள்ளே பிறந்த புரதம் அதன் வெளிச்சவ்வுக்குப் போய்ச் சேரவேண்டும். ஆய்வு மாணவி ஜெசிந்தா அந்தப் பயணத்தைப் பார்ப்பதற்காகப் புரதத்தின் வாலில் பச்சையாக ஒளிரும் துணுக்கு ஒன்றை ஒட்டியிருந்தாள். மாதக்கணக்கில் அது உள்ளேயே மினுங்கிக்கொண்டு கிடந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அது போய்ச் சேர்ந்ததை ஆய்வுக் குழுவின் முன் காட்டியாக வேண்டும்.

"கெளம்பித் தொலையேன், மூதேவி!" என்று நுண்ணோக்கிக்குள் திட்டினாள்.

பக்கத்து மேசைத் தோழி ஃபௌசியா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எங்க போகணும்ங்கிற விலாசமே அதோட வால்லதானே இருக்கு? அதுமேல வெளக்க ஒட்டிட்டா செல்லு எப்படிப் படிச்சு அனுப்பும்? வெளக்க எடு, போயிடும்."

"எடுத்துட்டா, போச்சுன்னு எப்படிடி தெரியும்?"

ஃபௌசியா கையுறையைக் கழற்றினாள். "டீ சாப்பிடலாமா?" என்றாள்.

மறுவாரம் ஜெசிந்தா விளக்கில்லாத புரதத்தைச் செல்லில் உண்டாக்கிக் குனிந்து பார்த்தாள். ஒரே இருட்டு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "போய்ட்டியா?" என்று மெல்லக் கேட்டாள்.