இடது பக்கம் இன்னும் கொஞ்சம்

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுங்க" என்றாள் மனைவி.

எடுத்தேன்.

"வலது பக்கத்தைத் தொடாதீங்க. அது சரியாத்தான் இருக்கு. இடதுதான் புசுபுசுன்னு தெரியுது."

மறுபடியும் எடுத்தேன். டிரிம்மர் கர்ரென்று ஓட, வாஷ்பேசின் முழுக்க என் மூன்று மாத உழைப்பு உதிர்ந்து கிடந்தது.

நாளைக்கு ஆபீஸில் நான் புது மேனேஜர். தாடி இல்லாத என் குழந்தை முகத்துக்கு அங்கே 'பால்டப்பா' என்று பேர். பால்டப்பா சொன்னால் எவன் கேட்பான்? அதற்காகத்தான் தாடியே வளர்த்தேன். நாளைக்கு அது கச்சிதமாக இருந்தாக வேண்டும்.

சலூனுக்குப் போயிருக்கலாம். ஆனால் வீட்டிலேயே அப்படி ஒரு கண் இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? மனைவி தையல்காரி. எதிரே வருகிறவனின் பேன்ட் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் சொல்லிவிடுவாள். என் பாடுதான் திண்டாட்டம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் என் மூஞ்சியே எனக்கு மங்கல். போட்டுக்கொண்டால் காதோரம் டிரிம்மர் போகாது.

அதனால் அவள் சொல்லச் சொல்ல வெட்டிக்கொண்டிருந்தேன்.

"போதுமா?"

"ம்... இடது பக்கம் இன்னும் லேசா."

"நிஜமாவா? தடவினா அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே."

"நான் பாத்துத்தானே சொல்றேன்? எடுங்க."

ஒருவழியாக, "இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

தூக்கிவாரிப் போட்டது. இடது கன்னம் வழவழ. வலது பக்கம் புதர். இரண்டு ஆளை வெட்டி ஒட்டின மாதிரி நின்றேன்.

"என்னடி இது?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"வேணும்னுதான் பண்ணேன். எனக்கு உங்க தாடியே பிடிக்கல."

"நேத்துதானே எடுப்பா இருக்குன்னு சொன்ன?"

"நேத்து பிடிச்சுது. இன்னிக்குப் பிடிக்கல. விடுங்களேன்."

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. விளையாட்டா? பழைய கோபம் ஏதாவதா? நான் மேனேஜர் ஆனது பொறுக்கவில்லையா? சேச்சே, சொந்தக்காரர் ஒருத்தரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னதே அவள்தான். அப்புறம் ஏன் இப்படி?

மிச்சத்தையும் வழித்துப் போட்டுவிட்டு, முழுப் பால்டப்பாவாக வெளியே வந்தேன்.

"சாப்பிட வாங்க."

"பசிக்கல."

பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படிக் கழுத்தறுப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. அவளும் அதற்குமேல் கூப்பிடவில்லை.

கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டு டீச்சர். கையில் இவள் தைத்துக் கொடுத்த சட்டை.

"தப்பா நினைக்காதம்மா. ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா இருக்கு. நீ இப்படித் தைக்கிற ஆளே இல்லையே. எனக்கே குழப்பமாப் போச்சு."

மனைவி சட்டையை வாங்கினாள். இரண்டு கையையும் சேர்த்து வைத்து, நுனியை விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நான் எழுந்து கதவருகே போனேன்.

"டீச்சர், அது என் கைவரிசை" என்றேன். "நானும் வெட்டிப் பழகுறேன்னு உட்கார்ந்தேன். இவ வேற தைச்சுத் தந்துடுவா."

"நல்லாப் பழகினீங்க போங்க. தாடியையும் அப்படித்தான் பழகினீங்களா?" என்று சிரித்துக்கொண்டே டீச்சர் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு மனைவி எதிரே போய் நின்றேன்.

"வழிக்கும்போது கன்னத்துல கீறிக்கிட்டேன். எந்தப் பக்கம்னு சொல்லு."

என் முகத்தையே பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமா இருக்கும். நடுவுல எல்லாம் கலங்கலாத் தெரியுது. தானாச் சரியாயிடும்னு நினைச்சேன். பயமா இருக்குங்க."

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். ஆபீஸ் கிடக்கட்டும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? வேணும்னு பண்ணேன்னு எதுக்குப் பொய் சொன்ன? உன்னை என்னென்னமோ நினைச்சுட்டேன்."

அவள் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வேணும்னு பண்ணேன்னா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க, அப்புறம் பேசிடுவீங்க. கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னை மெஷின் முன்னாடி உட்கார விடுவீங்களா?"