ஜனவரி ஒன்று

காலண்டரில் தேதி கிழிக்காமல் விட்டால் யாரோ வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள் என்பார் எங்கள் பெரியப்பா. யாரென்று சொன்னாரோ, மறந்துவிட்டது.

அணைத்தால் தேதியை மறந்துவிடும் தன் பழைய கேம் கம்ப்யூட்டரில் அருளப்பன் புது பொத்தான் பேட்டரியைப் போட்டு சுவிட்சைத் தட்டினார்.

"யாருப்பா நீ?" என்றது உள்ளேயிருந்த கடிகாரம்.

"பேட்டரி. எப்போ எழுப்பினாலும் உங்களுக்கு அதே பழைய ஜனவரி ஒண்ணுதானாமே, பெரியவரே? இனிமே இன்னிக்குத் தேதி காட்டலாம்."

"வேண்டாம்ப்பா. அந்தத் தேதிக்குத்தான் இவர் தம்பி சேவியர் ஆட வர்றான்."

"சுவத்துல மாலை போட்டுப் படம் மாட்டியிருக்கே, அந்தச் சேவியரா?"

"மெதுவா பேசு. அவனுக்குத் தெரியாது."

எப்போதும்போல் தானாக அசைந்துகொண்டிருந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக் சட்டென்று நின்றது.

அருளப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புது பேட்டரியைக் கழற்றி எடுத்தார்.