வாசிக்கிறவளின் சுளகு

தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழும் வெயில் கலைச்செல்வியின் மடியிலிருக்கும் நாவலில் வட்டமாகக் கிடக்கிறது. சுற்றிலும் நாலு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தூள் நெடி தொண்டையில் கரகரக்கிறது. எல்லோரும் கேட்கச் சத்தமாக வாசிக்கிறவளுக்குக் கை ஓடாது என்பதால், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி அவள் சுளகில் போடுவது இங்கே பழைய வழக்கம். செல்போன் வந்தபின் அது நின்றுபோனது. அவளுக்கும் புத்தகத்தின் மேலிருந்த ஆசை செத்துவிட்டது. கண் வரியில் ஓடும், மனசு ஒட்டாது. இன்று கரண்டும் இல்லை, டவரும் இல்லை. இசக்கித்தாய் மைனிதான் பரணிலிருந்து இந்த நாவலைத் தூசி தட்டிக் கையில் திணித்திருக்கிறாள். கலைச்செல்வி கடனே என்று வாசிக்கிறாள். சலித்துப்போய் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுகிறாள்.

“ஏட்டி, நில்லு. அவன் ஆத்துக்குள்ளல்லா நின்னாம்? அதுக்குள்ள எப்படி கல்யாண வீட்டுக்கு வந்தாம்? ஈர வேட்டியோடயா?” இசக்கித்தாய் நூலைச் சுற்றியபடி கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கலைச்செல்வி வெட்கத்தோடு தாளைத் திருப்புகிறாள். விட்ட இடத்தில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது, அவன் தோளில் ஒரு பிள்ளை. குனிந்தவள் நிமிரவில்லை. கரண்டு வந்து பல்பு எரிகிறது. இடுப்பில் செருகிய செல்போன் முனகுகிறது. அவள் விரல் அடுத்த தாளின் நுனியை இப்போதே பிடித்திருக்கிறது. உதடு மட்டும் அசையவில்லை. சுற்றுகிற கைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன.

“வாயத் தொறந்து வாசிட்டி! எங்க கையல்லா ஒனக்கும் சேத்து சுத்துது?”

“பொறுங்க மைனி,” என்கிறாள் அவள், தலையைத் தூக்காமல். “பிள்ள கரையேறட்டும்.”