அவுக

ஆணா பொண்ணான்னு ஊரே நோண்டிக் கேக்குற வயசுப் புள்ளைகளுக்குத் தேனியில தொணையா நிக்கிறவ ஜான்சி. கூட்டத்துல பேச வாறியான்னு பதினேழு வயசு மணியக் கேட்டா.

"கூட்டம் கெடக்கட்டும்க்கா. என்னைய அவன்னும் அவள்னும் சொல்ல வேணாம்னு எங்கம்மாட்டச் சொல்லுங்க, போதும்."

அம்மாகிட்டப் பேச வேண்டியத ஒரு வாரமாத் தயார் பண்ணிக்கிட்டு, ஜான்சி சின்னமனூருல மணி வீட்டுக்குப் போனா.

மணியோட அம்மா பூமாரி, "உக்காருங்க, அவுக குளிக்கிறாக"ன்னா.

ஆத்தி, வீட்டுக்காரரு இருக்காரே! அந்தக் கோவக்காரர் முன்னால எப்படிப் பேச?

"பெறகு வாரேன்"னு ஜான்சி எந்திரிச்சா.

"இந்தா, வந்துட்டாகல்ல!"

தலையத் தொவட்டிக்கிட்டு வந்து நின்னது மணி.

"அவனும் வேணாம், அவளும் வேணாம்னு நேத்து எங்கிட்ட அழுதுட்டாக. 'அவுக'ன்னா ரெண்டுமில்லேல்ல?"

ஜான்சிக்குச் சிரிப்புத் தாங்கல. "அப்ப வீட்டுக்காரர எப்படிச் சொல்லுவீக?"

"அந்த மனுசனையா? இப்பல்லாம் பேரச் சொல்லித்தேன் கூப்பிடுறேன்!"