நினைவு மலரில் முதல் பக்கம்

மேடையில் நான்கு நாற்காலி.

நடுவில் பிரம்மநாயகம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. வலப்பக்கம் இப்போதைய தலைமையாசிரியை. இடப்பக்கம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், செல்போனைப் பார்த்தபடி.

ஓரத்து நாற்காலியில் அம்மா. கண்ணாடிச் சட்டத்துக்குள். சரிந்துவிடாமல் இருக்க முதுகுக்கு ஒரு டஸ்டரை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கீழே முதல் வரிசையில் மகள், பக்கத்தில் அவள் அண்ணன். அவளுக்கு நேர் பின்னால் இசக்கியம்மாள். டியூட்டிக்கு இடையில் வந்தவள், நர்ஸ் உடுப்போடு.

தரையில் எட்டாம் வகுப்பு. வெயிலில். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் அம்மாவைத் தெரியாது. கைதட்ட ஆள் வேண்டுமே.

"சண்முகவடிவு டீச்சர் ஒரு மெழுகுவர்த்தி" என்று சார் ஆரம்பித்தார்.

போன மாதம் டிராயிங் மாஸ்டர் செத்தபோது அவரும் மெழுகுவர்த்திதான்.

பிறகு இசக்கியம்மாள் கதைக்கு வந்தார். வராமல் இருப்பாரா? அம்மா பெயரைச் சொன்னால் ஊரே சொல்லும் கதை அது.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. மணி ஒன்பதாகியும் இசக்கியம்மாள் வரவில்லை. படித்தது போதும் என்று அவள் அப்பன் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டான். அம்மா போய்ச் சண்டை போட்டு, கதவைத் திறக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

சார் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"டீச்சர் என் ரூம் வாசல்ல வந்து நிக்காங்க. 'போயிட்டு வந்திரட்டுமா சார்'ங்காங்க. நான் ஒரு நிமிசம் யோசிக்கல. 'போங்க டீச்சர், எது வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்'னு நான்தான் அனுப்பி வச்சேன்!"

கைதட்டல்.

இசக்கியம்மாள் முன்னால் குனிந்தாள். "அக்கா, இதத்தான டீச்சரும் சொன்னாங்க?"

இதைத்தான் சொன்னாள். பதினேழு வருஷத்துக்கு முன்னால். எழுத்தில்.

பரீட்சைக்கு மறுநாள் அந்த அப்பன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கத்தினான். சாருக்கு வேர்த்தது. எனக்கு ஒன்றுமே தெரியாது, டீச்சர் கேட்காமல் போய்விட்டார் என்றார். சாயங்காலத்துக்குள் அம்மா கையில் மெமோ.

நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று அம்மா விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.

அம்மாவின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: 'தலைமையாசிரியர் அனுமதித்ததாகப் பொய்யான விளக்கம் அளித்துள்ளார்.'

முப்பத்தொரு வருஷம் பாடம் சொன்னவள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு வயிற்றுவலி என்று புளுகினால் முகம் கொடுக்க மாட்டாள். 'எழுதல டீச்சர்' என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் உட்காரவைத்துத் தன் பேனாவைக் கொடுத்து எழுதவைப்பாள். பெற்ற மகளுக்கும் அதே சட்டம்தான். அதே பேனாதான்.

கடைசி மாதத்தில் அம்மாவுக்குப் பல பெயர்கள் மறந்துபோயின. அந்த வரி மறக்கவில்லை.

"அத மட்டும் அடிக்கச் சொல்லு, பிள்ள."

கல்வி அலுவலகத்துக்கு மகள் மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில். அப்போதைய தலைமையாசிரியர் தாம் அனுமதித்ததாக எழுத்துமூலம் தந்தால் பரிசீலிக்கப்படும்.

சாரிடம் நேரில் போய்க் கேட்டபோது, அவருக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை.

இன்றைக்கு வந்துவிட்டது. மைக்கைப் பார்த்ததும்.

கூட்டம் முடிந்து, கையில் வடையோடு அவளிடம் வந்தார்.

"பேச்சு எப்பிடிம்மா இருந்துச்சு? பேப்பர்க்காரன் ஒருத்தனும் வரலியே."

எண்ணெய் மோதிரத்தில் மினுங்கியது. ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்கலாம். கேட்டால் அந்த நிமிஷமே மறுபடி மறந்துவிடுவார்.

"அருமையா இருந்துச்சு, சார்."

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தாள். தேதி போட்டாள். இடது ஓரம் ஒரு விரற்கடை விட்டாள்.

'மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் உரை கேட்டு நெஞ்சம் நெகிழ்ந்தோம். அம்மாவின் நினைவாக மலர் ஒன்று அச்சிடுகிறோம். முதல் பக்கம் தங்களுக்கே. இசக்கியம்மாளை அழைத்துவரத் தாங்கள் அனுமதி கொடுத்ததை, இன்று பேசியபடியே, தங்கள் கைப்பட எழுதித் தர வேண்டுகிறோம். கீழே தேதி, கையொப்பம், அன்றைய பதவி. அப்படியே அச்சிட்டால் அழகாக இருக்கும்.

கூடவே தங்கள் புகைப்படம் ஒன்று. பெரிய அளவில்.'

புகைப்படம் அவளுக்கு வேண்டாம். கேட்காவிட்டால் எழுதித் தர மாட்டார்.

ஸ்டாம்ப் ஒட்டிய பதில் உறை ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தாள்.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"அம்மயே போயிட்டா. இனி அந்தாளு பேரப் போட்டு மலர் ஒரு கேடா? நெசமாவே அடிக்கப் போறியா?"

"அடிக்கணும். இல்லன்னா நான் எழுதினது பொய்யாயிரும்லா."

"எத்தன காப்பி?"

"ஒண்ணு."

அவன் கடிதத்தில் 'கையொப்பம், அன்றைய பதவி' என்ற இடத்தை மறுபடி படித்தான். பிறகு போய்ப் பசை டப்பாவை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

அவள் உறையை ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். நாலரை மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள். நாலுக்கே பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.