காராமணி தின்னி

"குலப் பேரு என்ன சொன்னே? த்ரவோரேவா? அதான் முற்றம் பூரா காராமணி நாத்தம் அடிக்குது."

கிணற்றடியில் வாளியோடு நின்ற தெனேவுக்கு முகம் சுண்டிப்போனது. தலைநகரான பமாக்கோவுக்குக் குடிவந்து ஒரு வாரத்தில் அவள் பெயரை ஒருவர் கேட்டதே அன்றுதான். கேட்ட லட்சணம் இது.

பேசியவள் பக்கத்து வீட்டு நகானி. வாசலில் கம்புப் பணியாரம் சுட்டு விற்பவள். தெனேவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

"நான் ஜாரா," என்றாள் நகானி. "எங்க தாத்தா ஒரு கூடை காராமணி குடுத்து உங்க தாத்தாவை வாங்கினாரு. அந்த முறைக்கு நீ எங்க வீட்டு வேலைக்காரி. வந்து இந்த மாவைக் கரைச்சுக் குடு."

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அசலூர்க்காரர் எவராவது பார்த்திருந்தால் பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பார். ஆனால் ஜாரா என்ற குலப் பெயர் காதில் விழுந்ததும் தெனேவின் முகம் தெளிந்துவிட்டது. த்ரவோரே குலத்தாருக்கும் ஜாரா குலத்தாருக்கும் பரம்பரையாகக் கேலி முறை. எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர் 'காராமணி தின்னி' என்று வைதே ஆகவேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் கொடுத்ததையும் கேட்டதையும் மற்றவர் மறுக்கவும் கூடாது. வையாமல் போனால்தான் மரியாதைக் குறைவு.

தெனே வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க தாத்தாவை நீ வாங்கினியா? உன் தாத்தா எங்க காட்டுல காராமணி திருடித் தின்னு, வாயு பிடிச்சில்ல போய்ச் சேர்ந்தாரு."

சொந்த ஊரான சிகாசோவை விட்டு வந்தபிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். புருஷன் சிதிகிக்கு மினிபஸ் ஓட்டும் வேலை. இருட்டோடு போய் இருட்டோடுதான் வருவான். ஊரில் என்றால் தெருக்கோடி வரை போவதற்குள் பத்துப் பேரிடமாவது நலம் விசாரித்தாக வேண்டும். இங்கே யார் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்? வயிற்றுப் பிள்ளைக்காரி வேறு. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவனும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கிணற்றடியில் சண்டை களைகட்டியது. நகானி ஒரு தட்டுப் பணியாரத்தைக் கொண்டுவந்து வைப்பாள். வேலைக்காரி பட்டினி கிடந்தால் எஜமானிக்குத்தான் கெட்ட பெயர் என்பாள். மூளைக்குப் பதிலாகக் காராமணி இருப்பவர்கள் எந்த பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போகவேண்டும், எந்தக் கடைக்காரி முற்றின வெண்டைக்காயைத் தலையில் கட்டுவாள் என்பதெல்லாம் திட்டோடு திட்டாகவே தெனேவுக்கு வந்து சேர்ந்தது. அன்பாகக் கொடுத்திருந்தால் அந்தக் கூச்சக்காரி எதையும் தொட்டிருக்கமாட்டாள்.

ஊருக்குப் போகும் பேச்சு மெல்ல நின்றுபோனது.

ஒருநாள் பகலிலேயே வலி கண்டது. சிதிகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தான். தெனே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அடியே ஜாராக்காரி. உன் எஜமானிக்கு வலி வந்துடுச்சு. கிளம்பு."

நகானி எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இருவரும் மாற்றி மாற்றி வைதுகொண்டார்கள். டாக்சி டிரைவர் சிரித்துச் சிரித்து ஒரு திருப்பத்தைத் தவறவிட்டான்.

பெண் குழந்தை. ஏழாம் நாள் முற்றத்தில் பெயர் சூட்டு விழா. பேட்டையின் பாட்டுக்காரி வந்திருந்தாள். சீர் கொண்டுவருகிறவர்களின் குலப் பெருமையை எல்லோர் காதிலும் விழும்படி பாடுவது அவள் தொழில். ஊரில் யார் எந்தக் குலம் என்பது அவளுக்கு மனப்பாடம்.

நகானி ஒரு புதுத் துணியைக் கொண்டுவந்து குழந்தையின் பக்கத்தில் வைத்தாள். பாட்டுக்காரியைப் பார்த்து இருமினாள். கண்ணைக் காட்டினாள். உதட்டில் விரலைக்கூட வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"வாடியம்மா நகானி, த்ரவோரே குலத்து மகளே, த்ரவோரே வீட்டு விளக்கே..."

கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

தெனே குழந்தையோடு எழுந்து நின்றாள். "நீ ஜாரா இல்லையா? நீயும் த்ரவோரேதானா?"

நகானி தலையைச் சொறிந்தாள்.

"அப்போ நீங்க எனக்கு அக்கா முறை. அக்காவையா இத்தனை நாளா அடியே, வாடின்னு..." தெனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே? அக்காவாச்சேன்னு தலையைக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டு, திரும்ப உள்ள போய் அழுதிருப்பே. ஒரு வாரமா நீ அழுதது சுவர் வழியா எனக்குக் கேட்டுச்சு. திட்டினாத்தானே வாயைத் திறந்தே."

தெனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்போ இவ்வளவு நாளா காராமணி தின்னி, காராமணி தின்னின்னு நீங்க ஏசினது யாரை?"

"நம்ம தாத்தாவைத்தான்," என்றாள் நகானி. "அவரு கோவிச்சுக்கமாட்டாரு. நிஜமாவே அவருக்குக் காராமணின்னா உயிரு."